மீன்கள் மேலே வந்த காலை

மே 6

நாத்தனாருக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கிற நிலைமையில நான் இல்ல. போன்ல பேசலாம்னுதான் பாத்தேன். போன தடவை நீ பாதிப் பேச்சுல வச்சதும், நான் திரும்பக் கூப்பிட்டு வாய்க்கு வந்ததைக் கத்தினதும் ஞாபகம் வந்துச்சு. பேசினா சண்டைதான். எழுதினா நீ பாதியில வைக்க முடியாது.

குளத்துல மீன் செத்துப் போச்சு. நேத்து விடியக்காலை வலைக்காரர் வந்து கதவை இடிச்சார். செருப்புகூடப் போடாம ஓடினேன். தண்ணியே தெரியல குட்டி, எங்க பாத்தாலும் வெள்ளை வயிறு. கரையோரம் சிலது இன்னும் சாகாம, மூக்கை மேல நீட்டி வாயை வாயைத் திறந்துச்சு. நான் பாக்கப் பாக்க ஒண்ணொண்ணா சாஞ்சுது. உங்கண்ணன் விரல்நீளக் குஞ்சா விட்டு வளர்த்த கெண்டை. ரெண்டு கையாலயும் குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கணும், அத்தனை பெருசு. குழி வெட்டிப் புதைச்சோம். வீடு முழுக்க நாத்தம், சோறு இறங்கல.

யார் வேலைன்னு எனக்குத் தெரியும். மேல்குளத்து வாத்துக்காரன். அவன் குளத்துல விழுந்துதான் தண்ணி நமக்கு வருது. அங்க எதைக் கலந்தாலும் இங்க வந்து சேரும். போன மாசம் கரையில நின்னு, "இந்தக் குளம் உங்க கையில உருப்படாது"ன்னு என்னைப் பாத்துச் சத்தம் போட்டுட்டுப் போனான். வேலைக்கு வந்தவங்க அத்தனை பேரும் கேட்டாங்க.

பஸ் டிரைவர் கையில ரெண்டு பாட்டில் தண்ணியும், ஐஸ் போட்டு ரெண்டு மீனும் கொடுத்து விட்டிருக்கேன். நீ வேலை பாக்குறது தண்ணி சோதிக்கிற லேப். இதுல விஷம் இருக்குன்னு எழுதி, சீல் வச்சு அனுப்பு. அந்தக் காகிதம் வந்தாத்தான் கோர்ட்டுல வழக்கு எடுபடும்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். எங்க அண்ணன்தான் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்குமா அலையுறான்.

உங்கண்ணனை அடக்கம் பண்ண மறுநாளே பஸ் ஏறினவ நீ. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. அவருக்காக இதையாவது செய்.

அண்ணி


மே 8

அண்ணிக்கு,

பாட்டிலும் மீனும் வந்து சேர்ந்தன. வேறு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் லேபில் தெரியக்கூடிய பூச்சிமருந்து வகை எல்லாவற்றுக்கும் பார்த்தேன். எதுவும் இல்லை. மீனின் செவுளிலும் ஈரலிலும் பார்த்தேன். அங்கேயும் இல்லை. இருக்கிறது என்று நான் எழுதித்தர முடியாது, அண்ணி.

விஷமே இல்லை என்றும் இன்னும் சொல்லவில்லை. குளத்தைக் கண்ணால் பார்க்காமல் பாட்டிலை மட்டும் வைத்துக்கொண்டு முழுசாகச் சொல்ல முடியாது. நீங்கள்தான் என் கண். செத்தது பெரிய மீனா, சின்ன மீனா? நத்தை, கூனி இறால், தண்ணீர் வண்டு எல்லாம் எப்படி இருக்கின்றன? செத்த மீனைத் தின்ற கொக்குக்கு ஏதாவது ஆனதா? தண்ணீர் ஏன் இவ்வளவு பச்சையாக இருக்கிறது? பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அந்தக் குளம் இப்படி இருக்காதே.

இதற்கெல்லாம் பதில் வரும்வரை அந்த மனிதரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் எழுத வரவில்லை.

குட்டி


மே 10

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை எங்க அண்ணன் முன்னாடி படிச்சது என் தப்பு. "பாத்தியா, பழைய பாசம் விடுமா"ன்னு கேட்டான். எனக்கும் சுருக்குனு இருந்துச்சு. வாத்துக்காரன் ஒரு காலத்துல உனக்குப் பேசின மாப்பிள்ளைதானே? அதான் உன் மிஷினுக்கு அவன் போட்ட விஷம் தெரியல.

அவனை நேத்து காலையில கூட்டிட்டுப் போயிட்டாங்க. லாக்கப்புலதான் இருக்கான். உன் காகிதம் இல்லாமலே ஆச்சு. எங்க அண்ணனுக்கு ஆள் தெரியும்.

கேள்வி கேட்டிருக்க. சொல்றேன், கேட்டுக்க. அவன் எவ்வளவு கெட்டிக்காரன்னு உனக்கும் தெரியட்டும். பெரிய மீனாப் பொறுக்கிக் கொன்னிருக்கான். குஞ்சு அத்தனையும் உசுரோட இருக்கு. வளர்ந்ததும் மறுபடி கொல்லலாம்னு விட்டு வச்சிருக்கான் போல. விரால் சனியன் ஒண்ணுகூட சாகல. கெண்டைக்குத்தான் அவ்வளவு கேடு. நத்தை கரைக்கல்லுல கும்பலா ஏறி உக்காந்திருக்கு. கூனி இறால் எல்லாம் ஓரத்துல, கையை விட்டா அள்ளலாம். கொக்கா? கொக்குக்கு என்ன கேடு! நாங்க புதைக்கிறதுக்குள்ள தின்னு தின்னு, பறக்க முடியாம கரையில உக்காந்திருந்துச்சு. இன்னிக்கும் வந்து இன்னும் இருக்கான்னு பாத்துட்டுப் போச்சு.

எதுக்காகச் செஞ்சான்னும் சொல்லிடுறேன். ஏப்ரல் மாச ஆரம்பத்துல நான் குளத்துல களைக்கொல்லி அடிச்சேன். உனக்குச் சொல்லல. உங்கண்ணன் காலைச் சுத்திப் பிடிச்சு உள்ள வச்சுக்கிட்ட களை, அது பாட்டுக்குப் பச்சையா ஆடிக்கிட்டு இருந்துச்சு. தினம் காலையில கதவைத் திறந்தா அதுதான் கண்ணுல படும். சிக்கின வலையை எடுக்க இறங்கின மனுஷனைத் தின்னுட்டு எப்படி ஆடுது பாருன்னு வயிறு எரியும். ஆளை வச்சு ஒரு மூலை விடாம அடிச்சேன். ஒரு வாரத்துல மஞ்சளாகி, உருகி, அடியில போச்சு. அன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். ஆளுங்க மருந்து அடிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் இவன் வந்து கத்தினது. அந்தக் களையில அவனுக்கு என்ன பங்கோ!

உன் காகிதம் எனக்கு இனி வேணாம்.

அண்ணி


மே 11

அண்ணி,

முதலில் ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசினார்கள், அடுத்த ஞாயிறு விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அவர் மனைவியோடும் பிள்ளைகளோடும் இருக்கிறார். அந்தப் பேச்சை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? உங்கள் அண்ணன் சொல்லியிருப்பார், நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இனி எழுதாதீர்கள்.

அடுத்தது. அது விஷம் இல்லை. இப்போது அடித்துச் சொல்கிறேன். சொன்னது என் மிஷின் இல்லை, நீங்கள்தான். தண்ணீரில் பூச்சிமருந்து கலந்தால் முதலில் சாவது கூனி இறாலும் வண்டும் குஞ்சும். பெரிய கெண்டை கடைசியில்தான் சாகும். இங்கே நடந்தது தலைகீழ். பெரிய உடம்புக்குத்தான் நிறைய மூச்சு வேண்டும். அதனால்தான் பெரியது போய்விட்டது. விரால் மேலே வந்து வெளிக்காற்றைக் குடிக்கும் ஜாதி, அதனால் பிழைத்தது. தின்ற கொக்கும் நன்றாக இருக்கிறது. உங்கள் மீன் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

குளத்தில் மீன் மட்டும் மூச்சு விடுவதில்லை. அந்தப் பச்சைப் பாசி, அடிச்சேற்றில் அழுகலைத் தின்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமி, புழு, பூச்சி எல்லாமே விடுகின்றன. பகலில் வெயில் பட்டால் பாசி தண்ணீருக்குள் காற்றை உண்டாக்கும். வெயில் போனதும் அதுவும் மற்றவர்களோடு சேர்ந்து இழுக்க ஆரம்பித்துவிடும். ஜன்னல் சாத்திய ஒரே அறையில் ஊர் முழுக்கப் படுத்துத் தூங்கின மாதிரி. விடிகிற நேரத்தில்தான் காற்று ரொம்பக் குறையும். மீன் வாயைத் திறந்ததும் அந்த நேரம்தான், இல்லையா?

நீங்கள் நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கள். இதோடு சின்னக் கண்ணாடிப் பாட்டில்களும் இரண்டு மருந்துக் குப்பியும் அனுப்புகிறேன். பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கி, குமிழி இல்லாமல் நிரப்பி, இரண்டு மருந்திலும் சில சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி வையுங்கள். பழுப்பாகக் கசடு இறங்கினால் தண்ணீரில் காற்று இருக்கிறது. பால் மாதிரி வெள்ளையாக இறங்கினால் இல்லை. விடியும்போது ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை செய்யுங்கள். கையுறை போடாமல் தொடக்கூடாது.

தீவனத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். மிச்சம் இருக்கிற மீனும் ஆபத்தில்தான் இருக்கிறது. வாரக் கடைசியில் வானம் மூடும் என்கிறார்கள். வெயில் இல்லாவிட்டால் பகலிலும் காற்று உண்டாகாது.

களையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதைப் பற்றி அப்புறம்.

அவரை வெளியே விடச் சொல்லுங்கள்.

குட்டி


மே 13

குட்டி,

நீ சொன்னதைச் செஞ்சேன். உன்மேல நம்பிக்கை வந்து செய்யல. பொய்னு காட்டத்தான் செஞ்சேன்.

விடியும்போது போனேன். மறுபடியும் மீன் மேல வந்து நின்னுச்சு. நிறைய இல்ல, மிச்சம் இருக்குற நடுத்தரம். பாட்டிலை முக்கி எடுத்து, சொட்டு விட்டுக் குலுக்கினேன். வெள்ளை. பாலேதான். மருந்து கெட்டுப் போயிருக்கும்னு, வீட்டுக் குழாய்த் தண்ணியைப் பிடிச்சு அதுலயும் விட்டேன். அது பழுப்பா வந்துச்சு. மத்தியானம் வெயில்ல குளத்துத் தண்ணி எடுத்தேன். டீ டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பு. ரெண்டையும் ஜன்னல்ல வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரே குளம். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. எவனும் வந்து எதையும் கலக்கல. நான் கரையிலதான் இருந்தேன்.

எங்க அண்ணனைக் கூப்பிட்டு பாட்டிலைக் காட்டினேன். "மாயாஜாலமா பண்றா உன் நாத்தனார்?"னான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னான். அவன் ஆளுங்க முந்தாநாள் மேல்குளத்துக்குப் போய் வாத்துப் பட்டியைத் திறந்து விட்டிருக்காங்க. நாய் புகுந்துடுச்சாம். "ஒரு வாத்து மிச்சமில்ல. மீனுக்கு வாத்து, சரியாப் போச்சு"ன்னான். அவனுக்குச் சாப்பாடு எடுத்து வச்சிருந்தேன். தட்டைத் திரும்ப உள்ள எடுத்துட்டுப் போயிட்டேன். ஏன்னு அவனுக்குப் புரியல. எனக்கும் அப்ப புரியல.

இப்ப நீ சொல்லு. பாசி எங்கிருந்து வந்துச்சு? உங்கண்ணன் இருந்தவரைக்கும் தண்ணி கண்ணாடி மாதிரி அடி தெரியும். நீ எதையோ விழுங்குற. "அப்புறம்"னு ஒரு வார்த்தை எழுதியிருக்க. உன்னை எனக்குத் தெரியும், கெட்ட சேதியை வாய்க்குள்ள போட்டு மென்னுக்கிட்டே இருப்ப. மெல்லாத. எழுது.

அண்ணி


மே 14

அண்ணி,

எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. நேராகவே சொல்கிறேன்.

களை செத்ததால் மீன் செத்தது.

அந்தக் களைதான் என் அண்ணனைப் பிடித்து வைத்தது. அந்தக் குளத்தை நடத்திக்கொண்டிருந்ததும் அதுதான். மேலே வாத்து போடுகிற எச்சம் தண்ணீரோடு வரும். அது நல்ல உரம். இத்தனை காலம் அதைத் தின்று தீர்த்தது களை. அதனால்தான் பாசிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, தண்ணீர் தெளிவாக இருந்தது. களை இலையில் நத்தை மேய்ந்தது. தண்டுக்கு நடுவே குஞ்சு பதுங்கியது. அதைத் தேடிப் பெரிய மீன் வந்தது. எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. நீங்கள் மருந்து அடித்ததும் மொத்தக் களையும் ஒரே நேரத்தில் அடியில் போய் அழுக ஆரம்பித்தது. அழுக வைக்கிற கிருமி பெருகிக் காற்றை இழுத்தது. அழுகியதில் இருந்த சத்து தண்ணீரில் கரைந்தது. வாத்து உரத்தைத் தின்னவும் ஆள் இல்லை. இரண்டும் பாசிக்குப் போயின. அதுதான் அந்தப் பச்சை.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் அந்த மருந்தை நானே வாங்கி அனுப்பியிருப்பேன். தண்ணீரைப் பற்றிப் படித்தவள், அதைத் தெரிந்தும் அனுப்பியிருப்பேன். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அது தண்ணீருக்கடியில் ஆடுவதைப் பார்த்தேன். அதனால்தான் பஸ் ஏறினேன். நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். நான் ஓடிவிட்டேன்.

இனி அவசரம். மிச்ச மீனைக் காப்பாற்ற ஒரே வழி புதுத் தண்ணீர். கால்வாயிலிருந்து மேல்குளம் வழியாக நேராக விழ வேண்டும், பலகையில் அடித்துச் சிதறி விழ வேண்டும். சிதறும்போது காற்று கலக்கும். ஆனால் அந்த மதகு அவருடையது. திருகுகிற சக்கரத்தை எப்போதும் கழற்றித்தான் வைத்திருப்பார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். நீங்கள் போய் அவரை வெளியே கொண்டு வராமல் அந்த மதகு திறக்காது.

மீனுக்காகப் போகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மீனே இல்லாவிட்டாலும் போக வேண்டும்.

குட்டி


மே 15

என் புருஷனையும் நான்தான் கொன்னேன்னு எழுதியிருக்கலாமே. மீனோட ஏன் நிறுத்தின?

உன் கடிதத்தைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டேன். டிரைவர்கிட்ட இனி எதையும் கொடுத்து விடாத. வாங்க மாட்டேன்.


மே 16

அண்ணி,

வாங்க மாட்டேன் என்றீர்கள். டிரைவர் இதை உங்கள் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போவார்.

இங்கே காலையிலிருந்து வெயில் இல்லை. அங்கேயும் மூடியிருக்கும். நாளை விடியும்போது மீன் மறுபடி மேலே வரும். என்மேல் கோபம் இருக்கட்டும். அது எங்கேயும் போகாது, அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம்.

செய்யாத காரியத்துக்கு ஒருவர் பூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நான் இங்கிருந்து என்ன எழுதினாலும் அது வெறும் காகிதம். புகார் கொடுத்த கை உங்களுடையது.

குட்டி


மே 20

குட்டி,

உன் கடிதத்தைக் கிழிச்சேன்னு எழுதினேன் இல்ல? கிழிக்கல. கிழிக்க எடுத்தேன், வரல. அரிசி டப்பாவுக்கு அடியில வச்சுட்டேன். "நான் ஓடிவிட்டேன்"னு நீ எழுதின இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். இத்தனை நாள் உன்கிட்ட நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

அப்புறம் கதவுக்கடியில உன் ரெண்டாவது கடிதம் வந்துச்சு. வானத்தைப் பாத்தேன். சாம்பல் பூசின மாதிரி இருந்துச்சு. ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன்.

இன்ஸ்பெக்டர்கிட்ட, "புகாரை வாபஸ் வாங்குறேன், யாரும் விஷம் வைக்கல"ன்னேன். அவர் பேனாவை மேசைமேல போட்டார். "ஏம்மா, புகார்னா என்ன வலையா, வீசறதுக்கும் இழுக்கறதுக்கும்? உங்க அண்ணன் என்னடான்னா தினம் வந்து சாட்சி சாட்சின்னு நிக்கிறார்." நான் உன் பாட்டில் ரெண்டையும் பையிலிருந்து எடுத்து வச்சேன். பாலையும் டிகாக்‌ஷனையும். எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். பாதி புரிஞ்சுதோ என்னவோ, கடைசியில, "அப்ப உங்க குளத்தை நீங்களே கெடுத்துக்கிட்டீங்கன்னு எழுதிக்கவா?"ன்னு கேட்டார். எழுதிக்கங்கன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

எங்க அண்ணன் ஸ்டேஷன் வாசலுக்கே வந்துட்டான். "உனக்காக ஊரையே பகைச்சுக்கிட்டேன், என்னை முட்டாளாக்கிட்ட. இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"ன்னான். உங்கண்ணன் போன நாள்லேருந்து எனக்கு ஒத்தாசையா இருந்தது அவன் ஒருத்தன்தான், குட்டி. அதை நான் மறக்கல. ஆனா அவனைக் கூப்பிட்டு நிறுத்தவும் இல்ல.

வாத்துக்காரர் வெளிய வந்தார். சட்டை கசங்கி, தாடி வளர்ந்து, ஆள் பாதியா இருந்தார். என்னைப் பாத்தார். முன்னாடி நடந்தார், நான் பின்னாடி போனேன். என்னன்னு சொல்லிக் கூப்பிடுறதுன்னுகூடத் தெரியல.

மேல்குளத்துக்குப் போனோம். பட்டிக் கதவு இன்னும் திறந்துதான் கிடந்துச்சு. வேலி ஓரமெல்லாம் இறகு. அவர் மனைவி அள்ளி அள்ளி மூட்டை கட்டியிருந்தும் மிச்சம் கிடந்துச்சு. அவர் உள்ள போய்த் தண்ணித் தொட்டி பக்கத்துல நின்னார். தொட்டி ரொம்ப நிறைஞ்சிருந்துச்சு. குடிக்க எதுவும் இல்லியே.

அவர் மனைவிதான் என்னைப் பாத்தது. "இன்னும் எதைப் பாக்க வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. சண்டை போடுற குரல்கூட இல்ல. நான் வாயைத் திறந்தேன். தப்பா நினைச்சுட்டேன், அது விஷம் இல்ல, நான் அடிச்ச மருந்துதான் காரணம்னேன். மதகைப் பத்தி வாயே வரல. அந்தப் பட்டியில நின்னுக்கிட்டு என் மீனைக் காப்பாத்துன்னு எந்த வாயால கேக்குறது?

அவரே வானத்தைப் பாத்தார். கீழ நம்ம குளத்தைப் பாத்தார். உள்ள போய் சக்கரத்தை எடுத்துட்டு வந்து மாட்டித் திருகினார். தண்ணி வேகமா இறங்குச்சு. "எப்பவும் பாதிதான் திறப்பேன். மீதி வாத்துக்கு வேணும்"னார். இன்னும் ஒரு சுத்து திருகிட்டு, "இனி முழுசா எடுத்துக்கங்க"ன்னார்.

குட்டி, அவர் என்னை அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டு வந்திருப்பேன்.

நானும் வலைக்காரரும் தண்ணி விழுற இடத்துல பலகையைச் சாய்ச்சு வச்சோம், நீ சொன்ன மாதிரி அடிச்சுச் சிதறுச்சு. விடியும்போது போய்ப் பாத்தா, இருக்குற மீன் அத்தனையும் அந்த ஒரு மூலையில நெருக்கியடிச்சு நின்னுச்சு. தூரத்துல ஒதுங்கினது சிலது செத்து மிதந்துச்சு. பாட்டில்ல பிடிச்சுப் பாத்தேன். வெள்ளை இல்ல. லேசா பழுப்பு, தண்ணி கலந்த டீ மாதிரி. அதைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டேன். வலைக்காரர் பயந்துட்டார், மருந்து கண்ணுல பட்டுடுச்சோன்னு.

அப்புறம் ரெண்டு நாள் மேகம் விலகல. சக்கரத்தை அவர் கழட்டவே இல்ல. காலையில மேல்கரையில வந்து நிப்பார், தண்ணி ஓடுதான்னு பாப்பார், போயிடுவார். நேத்து வெயில் வந்துச்சு. நேத்துதான் நான் மேல ஏறிப் போய், "அன்னிக்கு வந்து கத்தினீங்களே, எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"கால்வாசியாவது விட்டு வைங்கன்னு சொல்ல வந்தேன். மொத்தமும் போனா தண்ணி கெட்டுடும்னு. நீங்க காதைப் பொத்திக்கிட்டீங்க. கோவத்துல கத்திட்டேன்."

"அந்தக் களை என் புருஷனைக் கொன்னுச்சு. உங்களுக்கு அதுமேல என்ன பாசம்?"னு கேட்டேன். கேக்கக் கூடாதுதான். வந்துடுச்சு.

அவர் என்னை நிமிர்ந்து பாத்தார். "உங்க வீட்டுக்காரரை உள்ளேருந்து எடுத்தது யாருன்னு நினைச்சீங்க? நான்தான் இறங்கினேன். கால்ல சுத்தினதைக் கையால பிச்சுப் பிச்சுத்தான் வெளிய கொண்டு வந்தேன். எனக்கு மட்டும் அதைப் பாக்கப் பிடிக்குமா?"

எங்க ஆளுங்க எடுத்தாங்கன்னுதான் எங்க அண்ணன் சொல்லியிருந்தான். நான் மயங்கிக் கிடந்தேன், நீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுது. யாரும் சொல்லல. அவரும் இத்தனை நாள் சொல்லிக்கல. லாக்கப்புல உக்காந்திருந்தப்பகூடச் சொல்லல.

அப்படியே கரையில உக்காந்துட்டேன். அவர் உக்காரல. மன்னிச்சேன்னும் சொல்லல, நானும் கேக்கல. ஒண்ணு மட்டும் சொன்னார். வாத்துக்காக அவர் மனைவி புகார் எழுதிக் கொடுத்தாங்களாம். பட்டியைத் திறந்தது யாருன்னு பாத்த சாட்சி இல்லைன்னு ஸ்டேஷன்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம்.

பாத்த சாட்சி இல்ல. ஆனா கேட்ட சாட்சி இருக்கு. எங்க அண்ணன் என் வீட்டுல உக்காந்து, சிரிச்சுக்கிட்டே சொன்னதை நான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லப் போறேன். நேத்து முழுக்க யோசிச்சேன். சின்ன வயசுல எனக்கு ஜுரம் வந்தா தோள்ல தூக்கிக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு நடந்தவன் அவன். நான் சொன்னா அவன் ஆளுங்க உள்ள போவாங்க, அவனும் போகலாம். அதுக்கப்புறம் என் பக்கத்து ஜனம் யாரும் என் முகத்துல முழிக்காது. தெரிஞ்சுதான் போறேன்.

தனியாப் போக பயமா இருக்கு, குட்டி. லீவு சொல்லிட்டு வியாழக்கிழமை சாயந்திர பஸ்ல வர்றியா? உங்கண்ணன் அறையைக் கூட்டிப் பாய் போட்டு வைக்கிறேன். ஸ்டாப்புல இறங்கினா முதல்ல குளம்தான் தெரியும். அதுக்குப் பயந்து நீ வராம இருந்துடாத. நான் அங்கயே, ஸ்டாப்புலயே நிக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து நடந்துடலாம்.

அண்ணி